சமையல் புறொபெசரின் அக்கா

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து வந்த கப்பல் காங்கேசன்துறையில் ஆட்களை இறக்கிய நாளில், குருநகர் சந்தியோகுவின் இளைய மகள் கத்தரீனா உடுத்த சேலையோடு வீடு வந்து சேர்ந்தாள். கால் செருப்புக்கூட ஆரோ கொடுத்தது. அவளைக் கட்டிப் பிடித்து அழுதவர்களில் அக்கா இராசாத்தியும் ஒருத்தி. அந்த அழுகையில் பொய் இல்லை. தங்கை உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நான்கு நாளாக மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றவள் அவள்தான்.

ஆனால் அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது இராசாத்திக்கு இன்னொரு நினைப்பும் வந்தது. இனி இவளும் நானும் ஒன்று. இவளுக்கும் ஒரு சேலை, எனக்கும் ஒரு சேலை. கொழும்பு வேலை, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் தோல் பை, இங்கிலீசுப் புத்தகம் எல்லாம் எரிந்து போயிற்று. இனிக் குசினியில் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெங்காயம் உரிக்கட்டும்.

அப்படி நினைத்ததற்காகப் பிறகு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தாள். ஆனால் நினைத்தபோது அது இனித்தது.

அந்த இனிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கத்தரீனா கொழும்பில் ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலை ஒன்றில் மனைப்பொருளியல் விரிவுரையாளராக இருந்தவள். வலிகாமத்தில் இருந்த கலாசாலை ஒன்றில் அதே பாடத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தது. விண்ணப்பம் போன கையோடு நியமனமும் வந்தது. புரட்டாதி பிறக்கக் கத்தரீனா வெள்ளைச் சேலை உடுத்து, குடையும் பிடித்து, இணுவில் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றாள். தெருவில் போனவர்கள் "மிஸ், போட்டு வாங்கோ" என்றார்கள்.

இராசாத்தி வாசலில் நின்று மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் வயதில் மூன்று வருட வித்தியாசம். தாய் செபஸ்தியம்மா நோயில் விழுந்தபோது இராசாத்தி எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. ஒருநாள் காலை சந்தியோகு கடலால் வந்து, அடுப்பு மூட்டாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அந்த "நாளைக்கு" கடைசிவரைக்கும் முடியவில்லை. தாய் இறந்தபிறகும் முடியவில்லை. கத்தரீனா கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், சோதனை எடுத்தாள், கொழும்புக்குப் போனாள். இராசாத்தி தகப்பனுக்கும் தங்கைக்கும் சமைத்து, பிறகு கிறிஸ்துநாயகத்தைக் கல்யாணம் முடித்து, அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சமைத்தாள்.

தங்கை டொக்டராகவோ கணக்குப் படிப்பிக்கிறவளாகவோ வந்திருந்தால் இராசாத்திக்கு இவ்வளவு எரிந்திராது. அது வேறு உலகம் என்று விட்டிருப்பாள். தங்கை படித்தது சமையல். வீடு கூட்டுவது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, கறி காய்ச்சுவது. இராசாத்தி இருபது வருடமாக ஒருவரும் கேளாமல், ஒருவரும் மெச்சாமல் செய்துகொண்டிருந்ததை அவள் கரும்பலகையில் எழுதிக் காட்ட, நாற்பது பேர் எழும்பி நின்று "குட் மோர்ணிங் மிஸ்" சொன்னார்கள்.

"எங்கடை வீட்டிலை ஒரு புறொபெசர் இருக்கிறா. சமையல் புறொபெசர்" என்று கிணற்றடியில் பெண்களுக்குச் சொல்லிச் சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை. "உண்மையே இராசாத்தி? கெட்டிக்காரிதான்" என்றார்கள்.

கத்தரீனா வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே சமைக்கப் போவதாகச் சொன்னாள். கரண்டியால் அளந்து மிளகாய்த் தூள் போட்டாள், மணிக்கூட்டைப் பார்த்து இறக்கினாள். பாரைமீன் கறி. இராசாத்தியின் மூத்த மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "சின்னம்மா, இதுக்கு உப்புப் போட்டனீங்களே?" என்று கேட்டாள்.

கத்தரீனா முகம் சிவக்கச் சிரித்தாள். இராசாத்தி பிள்ளையை அதட்டினாள். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அவளுக்குக் கை கால் எல்லாம் இலேசாக இருந்தது. கழுவின சட்டியையே இன்னொருதரம் கழுவினாள்.

அந்தச் சந்தோசத்தையும் சந்தியோகு கெடுத்தார். கோவிலில் இருந்து வந்த ஒருவர் அன்று வீட்டில் சாப்பிட்டார். இராசாத்தி அவசரமாக வைத்த தேங்காய்ப்பால் சொதியை இரண்டுதரம் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்கடை மோள்மார் இப்ப என்ன செய்யினம்?" என்று கேட்டார்.

"இளையவள் கலாசாலையிலை படிப்பிக்கிறாள்" என்றார் சந்தியோகு. "மூத்தவள் வீட்டிலை சும்மா இருக்கிறாள்."

சொதிக் கரண்டி இராசாத்தியின் கையில் இருந்தது. சும்மா என்ற சொல் அவளுக்குள்ளே போய், ஒரு மீன்முள் போலக் குறுக்கே நின்றுகொண்டது.

கடலில் மீன்பிடிக்கத் தடை வந்தது. கிறிஸ்துநாயகத்தின் வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. வீட்டு அரிசி கத்தரீனாவின் சம்பளத்தில் வந்தது. அவள் அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வாய் திறந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம் என்று இராசாத்தி நினைத்தாள்.

கத்தரீனா கேட்டது வேறு. பின்னேரங்களில் கொப்பியும் பேனையும் ஒரு சின்னத் தராசுமாகக் குசினிக்கு வந்து பலகையில் இருந்துகொள்வாள்.

"அக்கா, கூழுக்கு ஒடியல் மா எவ்வளவு போடுறனீ?"

"ரெண்டு பிடி."

"ஒரு பிடி எண்டா எத்தினை கிராம்?"

"என்ரை கை என்ன தராசோ?"

"பிடி பாப்பம்" என்று தராசுத் தட்டை நீட்டுவாள். இராசாத்தி பிடித்துப் போடுவாள். கத்தரீனா எழுதுவாள். இன்னொருதரம் போடச் சொல்வாள். இரண்டு தரமும் நிறை ஒன்றாகவே இருக்கும். "எப்பிடியக்கா?" என்று கண்ணை விரிப்பாள். அந்த நேரம் மட்டும் இராசாத்திக்குத் தங்கையில் கோபம் இராது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த ஒடியல் மாவை ஊறவிட்டு இரண்டுதரம் தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்றாவிட்டால் கைத்துக் கசக்கும் என்றும், புளியைக் கடைசியில் விட வேண்டும் என்றும், பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவும் மற்றவர்களுக்கு நண்டும் என்றும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒன்றரை வருடம் சொன்னாள்.

அது புத்தகமாக வந்தது எண்பத்தேழாம் ஆண்டு பங்குனியில். "குடாநாட்டு உணவும் போசாக்கும்" என்று பெயர். கலாசாலை மண்டபத்தில் வெளியீடு. இராசாத்தி கல்யாணச் சேலையை எடுத்து உடுத்து, கடைசிக்கு முதல் வரிசையில் இருந்தாள். பேசியவர்கள் எல்லாரும் ஆராய்ச்சி என்றார்கள். நூலாசிரியை தேடித் தேடிச் சேர்த்தவை என்றார்கள். ஒருவர் கூழின் பக்கத்தை வாசித்தே காட்டினார். தன் வாயால் சொன்ன சொற்கள் கிராமும் மில்லிலீற்றருமாகி மேடையிலிருந்து திரும்பி வருவதை இராசாத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்தைத் திறந்தாள். நன்றி என்று போட்டிருந்தது. அதிபருக்கு நன்றி. சக விரிவுரையாளர்களுக்கு நன்றி. அச்சகத்தாருக்கு நன்றி. தட்டச்சு செய்து தந்த செல்வி அருந்ததிக்கு நன்றி. கடைசியில், தகவல் தந்த குருநகர் இல்லத்தரசிகளுக்கும் நன்றி.

குருநகர் இல்லத்தரசிகள். அவள் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். எத்தனை பேர் அந்த இல்லத்தரசிகள்? ஒருத்திதானே.

கேட்கவில்லை. கேட்டால் தான் இதற்காக ஏங்கியது தெரிந்துவிடும். புத்தகத்தை அரிசிப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதன்பிறகு கத்தரீனா கொப்பியோடு வந்தால் அவளுக்குத் தலையிடிக்கும், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்.

அடுத்த வருடம் சந்தியோகு கண்ணை மூடினார். தொண்ணூறில் இராணுவம் இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்க, குருநகர் வெறிச்சோடியது. அக்காவும் தங்கையுமாகக் குடும்பம் சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் வீட்டில் இரண்டு அறை எடுத்துக்கொண்டது. கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதி முகாம்கள். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பால்மா இல்லை. கோதுமை மாவைப் பார்த்தே கனகாலம்.

அந்தப் பஞ்சம் கத்தரீனாவைப் பெரிய ஆளாக்கியது. கேக் அடிக்கிற பாடமும் மேசை விரிப்புத் தைக்கிற பாடமும் போய், இருக்கிறதை வைத்துப் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதே பாடமாயிற்று. முருங்கையிலை, பயறு, ஒடியல் மா, குரக்கன். அவளுடைய பயிற்சி மாணவிகள் சைக்கிளில் முகாம் முகாமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். வழியில் காணும் தாய்மார் கத்தரீனாவை மறித்துப் பிள்ளையைக் காட்டினார்கள். சண்டிலிப்பாய்ச் சந்தையில் மரக்கறிக்காரர்கூட, "புறொபெசரம்மாவின்ரை தமக்கையோ நீங்கள்?" என்று இராசாத்தியைக் கேட்டார். அவள் பகிடியாகச் சொன்ன பெயர் ஊருக்குள் உண்மையாகிவிட்டது.

தொண்ணூற்றிரண்டில், வலிகாமத்து முகாம்களின் போசாக்கு வேலை முழுவதையும் ஒருவர் பொறுப்பில் விட நிவாரண நிறுவனம் ஒன்று தீர்மானித்தது. இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று கத்தரீனா. மற்றது உடுவிலைச் சேர்ந்த கமலாவதி, அதே கலாசாலையின் இன்னொரு விரிவுரையாளர். இருவரும் ஐம்பது பேருக்குச் சமைத்துக் காட்ட வேண்டும். கல்வி அதிகாரி சோமசேகரமும் நிறுவனத்தார் சிலரும் வந்து பார்ப்பார்கள்.

முதல் நாள் கத்தரீனா இராசாத்தியிடம் வந்தாள். கனநாளைக்குப் பிறகு.

"அக்கா, நான் அட்டவணை எல்லாம் கீற வேணும். மாவை ஊறவிட்டுத் தண்ணி மாத்தித் தாறியே? உன்ரை கை பட்டால்தான் எனக்கு நிம்மதி."

"ஓம்" என்றாள் இராசாத்தி.

மாவை ஊறவிட்டாள். மா அடியில் படிந்து, மேலே தண்ணீர் மஞ்சளாகத் தெளிந்து நின்றது. சரித்து ஊற்ற வேண்டும். அவள் பாத்திரத்தைப் பிடித்தாள். அந்த நேரம் அடுத்த அறையில் மாணவி ஒருத்தி, "மிஸ், உங்களை மாதிரி ஒடியலைத் தெரிஞ்ச ஆள் இந்தக் குடாநாட்டிலையே இல்லை" என்று சொன்னது கேட்டது. கத்தரீனா இல்லையென்று சொல்லவில்லை. மெல்லச் சிரித்தாள்.

இராசாத்தி பாத்திரத்தை விட்டாள். அகப்பையை எடுத்து, தெளிந்த தண்ணீரையும் மாவையும் ஒன்றாகக் கலக்கினாள். மூடி வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

மறுநாள் பாத்திரத்தைக் கிறிஸ்துநாயகத்தின் சைக்கிளில் வைத்துக் கட்டி, அவளும் கூடவே போனாள். பார்க்க வேண்டும் என்று இருந்தது. கத்தரீனா அட்டவணைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு சத்தாக விளக்கினாள். கூழ் கொதித்தது. கோப்பைகளில் வார்த்துக் கொடுத்தார்கள். சோமசேகரம் ஒரு வாய் குடித்தார். முகத்தை மாற்றாமல் இருக்கப் பாடுபட்டார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர், "இதைச் சின்னப் பிள்ளையள் குடிக்குங்களோ மிஸ்?" என்று கேட்டார்.

கத்தரீனா ஒரு கரண்டி வாயில் விட்டாள். அவளுடைய கண் நேரே, கதவடியில் நின்ற அக்காவைத் தேடி வந்து நின்றது. பிறகு திரும்பிக்கொண்டது.

"பிழை என்ரை" என்றாள். "மாவைச் சரியாப் பதப்படுத்தேல்லை. மன்னிக்க வேணும்."

பொறுப்புக் கமலாவதிக்குப் போயிற்று.

இராசாத்தி நினைத்திருந்த சந்தோசம் வரவில்லை. வந்ததெல்லாம் வாயில் ஒரு கைப்பு. அவள் கூழைக் குடித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு கத்தரீனா குசினிக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"நீ மறக்கிற ஆள் இல்லையக்கா."

"மறந்து போச்சு."

"பரிமாற முந்தி ருசி பாக்க வேணும் எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான். இண்டைக்கு நான் பாக்கேல்லை. ஏன் தெரியுமே? நீ செய்த மா எண்டபடியால்."

இராசாத்திக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ரைப் அடிச்ச பெட்டைக்கு நன்றி எழுதினனீ! அவளின்ரை பேர் உனக்குத் தெரிஞ்சுது. என்ரை பேர் தெரியேல்லை. இல்லத்தரசிகளாம்! எத்தினை அரசியள் வந்து உனக்குச் சொன்னவை?"

கத்தரீனா திகைத்துப் போனாள். ஐந்து வருடத்துக்கு முந்திய புத்தகம் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவே நேரம் எடுத்தது.

"நீ என்ரை அக்கா. அக்காவுக்கு ஆரும் நன்றி எழுதுவினமே?"

"எழுதிப் பாத்தால்தானே தெரியும்!"

கத்தரீனா பலகையில் இருந்தாள். பிறகு, "எனக்கு விஞ்ஞானம் படிக்க இடம் கிடைச்சது, தெரியுமே?" என்றாள். "நான்தான் வேண்டாம் எண்டனான். அப்பு கடலாலை வந்தால் முதல் கேக்கிறது, இராசாத்தி என்ன கறி எண்டுதான். என்ரை றிப்போட்டை நீட்டினால் பாக்காமலே வைப்பார். உன்ரை சட்டியைத் திறந்து மணந்து பாப்பார். எனக்கு அப்ப உன்னிலை சரியான எரிச்சல். அதுதான் இந்தப் பாடத்தை எடுத்தனான்."

தங்கை இதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். இப்படிச் சொன்னால் அக்கா இளகிவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். இராசாத்திக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"பள்ளிக்கூடம் உனக்கு. கொழும்பு உனக்கு. எனக்கெண்டு இருந்தது இந்த அடுப்படி ஒண்டுதான்" என்றாள். "அதையும் பறிக்கத்தான் படிச்சனியோ?"

இரண்டு பேரும் அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேலாகக் கதைக்கவில்லை. "சின்னம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளைகளுக்கூடாகத்தான் எல்லாம்.

கமலாவதி கெட்டவள் அல்ல. ஆனால் பச்சை மரக்கறி வீட்டில் வளர்ந்தவள். ஒடியலைப் புத்தகத்தில்தான் கண்டவள். ஒரு பாத்திரத்துக்குச் சரியாக வந்தது முந்நூறு பேரின் அண்டாவுக்கு வரவில்லை. பிள்ளைகள் கூழைத் துப்பினார்கள், வெளியே ஊற்றினார்கள். பஞ்ச காலத்தில் சாப்பாடு மண்ணில் கிடந்ததை முகாமுக்குப் போய்வந்த கிறிஸ்துநாயகம் வந்து சொன்னார். "உமக்குத் தெரிஞ்ச வேலையப்பா அது" என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். இராசாத்தி அன்று சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழும்பினாள்.

அதற்கு மூன்றாம் நாள் கமலாவதியே வந்தாள். கத்தரீனாவிடம்தான் வந்தாள். "மிஸ், நீங்கள்தான் எனக்கு உதவி செய்ய வேணும்."

கத்தரீனா எழும்பவில்லை. குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். "என்னட்டை இருக்கிறது கணக்கு மட்டும்தான். வேலை தெரிஞ்ச ஆள் உள்ளுக்கு நிக்கிறா. கேளுங்கோ."

அது பெருந்தன்மையா, குத்தலா என்று இராசாத்திக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்து இருந்திருக்கலாம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கமலாவதியோடு முகாமுக்குப் போனாள். அடுத்த மூன்று வருடமும் போனாள். அவளுடைய அண்டாவில் கைப்பு இருந்ததில்லை. கலாசாலை மாணவிகள் கொப்பியோடு வந்து நின்றார்கள். "கத்தரீனா மிஸ் உங்களட்டைக் கேக்கச் சொன்னவா, அன்ரி."

"உங்கடை மிஸ்ஸுக்குத் தெரியாதாமோ?" என்று கேட்பாள். தெரியாது என்று அவர்கள் சொல்லும்வரை வாய் திறக்கமாட்டாள்.

தொண்ணூற்று நான்கில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அச்சடிக்கக் கடதாசி இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்திருந்தார்கள். கத்தரீனா அதைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தாள். அட்டையில் இரண்டு பெயர். கத்தரீனா சந்தியோகு. இராசாத்தி கிறிஸ்துநாயகம்.

இராசாத்தி வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ரை பேர் ஏன் கீழை கிடக்குது?"

"அகர வரிசையக்கா. 'க' முந்தி, 'இ' பிந்தி."

"எட்டாம் வகுப்பு படிச்சவளுக்கே அகர வரிசை சொல்லுறாய்? உயிரெழுத்துத்தானே முந்தி வரும்?"

கத்தரீனா காதுவரை சிவந்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்தது. மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சகோதரிகளின் குடும்பம் ஒதுங்கியது. ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பங்கள். இரண்டாம் நாள், சமையலுக்கு ஒழுங்கு செய்ய வந்த செபநாயகம் என்ற உத்தியோகத்தர் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்.

"தொழில்?"

"விரிவுரையாளர். மனைப்பொருளியல்" என்றாள் கத்தரீனா.

"நல்லதாப் போச்சு மிஸ். நீங்கள் குடும்ப விபரங்களை எழுதித் தாங்கோ. ஆள் ஆளாப் பாத்து எழுத வேணும்." இராசாத்தியின் பக்கம் திரும்பினார். எழுதப் போன பேனை நின்றது. "அம்மா, நீங்கள் சண்டிலிப்பாய் முகாமிலை கூழ் காய்ச்சின ஆளெல்லே? படுக்கையிலை கிடந்த என்ரை தாய் உங்கடை கூழிலைதான் எழும்பினவா. அண்டா, விறகு, ஆக்கள் எல்லாம் தாறன். சமையல் முழுக்க உங்கடை பொறுப்பு."

இராசாத்தி பதில் சொல்லுமுன் தங்கையைப் பார்த்தாள். கத்தரீனா புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உதட்டின் ஓரம் மெல்ல இழுபட்டு, கண் ஒரு கணம் கீழே போய் வந்தது. வேறு ஆருக்கும் அது தெரிந்திராது. இராசாத்திக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாகத் தன் முகத்தில் சுமந்ததை அவள் எங்கே கண்டாலும் கண்டுபிடிப்பாள்.

பாவம் என்று ஒரு பக்கம் தோன்றியது. மறுபக்கம், மெல்ல மெல்ல, ஒரு சூடு நெஞ்சுக்குள் பரவியது. அதை அவள் தடுக்கவில்லை.

"தங்கச்சி" என்றாள், சேலையைச் செருகிக்கொண்டு. "உந்தப் பெயர் எழுதிற வேலையைப் பேந்து பாப்பம். வா, முதல்லை வெங்காயத்தை உரி."

கத்தரீனா பேனையை மூடிவைத்துவிட்டு எழும்பி வந்தாள்.